மகராசிக்கு ஒரு மங்கலம்

வங்கி மகராசியே, நீ நீடூழி வாழ வேண்டும். உன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், குளிர்காற்றில் நின்று, வரிசைச் சீட்டைக் கையில் பிடித்துக் காத்திருந்து திரும்பிய, புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைச்சாவடிச் சனங்கள் உன் குணங்களை வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ஏலக் கொட்டகையில் பேசுகிறார்கள், வலை பின்னும் இடத்தில் பேசுகிறார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போதும் பேசுகிறார்கள். யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கிறேன். இங்கே சொல்லப்போகும் குணம் ஒவ்வொன்றும் உனக்கு மெய்யாகவே உண்டு, ஒன்றையும் இட்டுக்கட்டவில்லை.

உன் குலம் பெரிது. அரசாங்கத்து வங்கி உண்டு, தனியார் வங்கி உண்டு. எங்கள் ஊர்க் கதைகளைச் சொல்லும்போது உன் பெயரைச் சொல்லமாட்டேன். பெயர்ப்பலகை மாறினாலும் குணம் மாறாது என்பதால், சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை.

முதலில் உன் நினைவாற்றலைப் போற்றுகிறேன். எங்கள் பெரியம்மா மீன் கூடை சுமப்பவர். விடியலில் கரையில் ஏலம் எடுத்து, காலாப்பட்டுத் தெருக்களில் விற்று, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாது. பாஸ்புக்கை நீட்டி, "இன்னா எழுதியிருக்கான், படிடா" என்பார். படிப்பேன். குறுஞ்செய்திக் கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 17 ரூபாய் 70 காசு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் 17 ரூபாய் 70 காசு. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் வரியோடு 236 ரூபாய். இருப்புக் குறைந்ததற்கு 118 ரூபாய், அதில் 18 ரூபாய் வரி. கையில் காசு இல்லை என்பதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி. பெரியம்மா அந்த அட்டையை ஒருநாளும் இயந்திரத்தில் செருகியது இல்லை. வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஆங்கிலம். அவருடைய பொத்தான் போனில் அவை வரிசையாகச் சேர்ந்து கிடந்தன. அவர் மறந்துபோனதையெல்லாம் நீ மறக்கவில்லை. 70 காசைக்கூட நீ விடவில்லை. பேரன் பிறந்தநாள் எங்கள் பெரியம்மாவுக்கு நினைவில் இருக்காது. காலாண்டு முடியும் நாள் உனக்குத் தப்பியதே இல்லை.

அடுத்து உன் நேரந்தவறாமை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று வந்த தடை. நல்ல சட்டம்தான், யாரும் குறை சொல்லவில்லை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஏலத்துக்கு மீன் வரத்துச் சுருங்கும், கூடை சுமக்கும் பெண்களுக்கும் வேலை சுருங்கும். அந்த நாட்களைக் கடத்தத்தான் அரசாங்கம் நிவாரணத் தொகையை நேராகக் கணக்கில் போடுகிறது. இடைத்தரகர் கை படாமல் உரியவர் கைக்கே சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். நிவாரணம் ஏறியது என்று கேள்விப்பட்டுப் பெரியம்மா உன்னிடம் வந்தார். நான் துணைக்கு நின்றேன்.

"சார், பணம் கொறையுதே?"

"மினிமம் பேலன்ஸ் இல்லம்மா. போன மாசங்களுக்கு நிலுவை இருந்தது. பணம் வந்ததும் சிஸ்டம் புடிச்சிடுச்சு."

"தொழிலே இல்லாத மாசம் சார் இது. இது கவர்மெண்டு சோத்துக்குக் குடுத்த பணம்."

"எங்க கையில எதுவும் இல்லம்மா. எல்லாம் சிஸ்டம்தான்."

கவுண்டரில் இருந்த தம்பி பொய் சொல்லவில்லை. முகத்தில் சங்கடம் தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துக் கத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. நிவாரணம் வந்த அன்றைக்கே, பெரியம்மா கேட்டு வருவதற்கு முன்பே, உன் பங்கை நீ எடுத்துக்கொண்டாய். ஊரில் கடன் கொடுத்த வியாபாரிகூடத் தடைக்காலத்தில் வாசலுக்கு வந்து நிற்கக் கூசுவார். வந்தாலும், "தொழில் திறக்கட்டும்" என்று சொல்லிப் போவார். கூச்சம் என்ற பலவீனம் உனக்கு இல்லை. கேட்பவரும் கொடுப்பவரும் முகம் பார்க்காமல், வாதாட ஆளே இல்லாமல் வசூல் முடிந்துவிடுகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த ஜமீனும் கண்டுபிடித்ததில்லை.

உன் கணக்கறிவையும் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச இருப்பு 1,000 என்றால், எங்கள் ஆட்கள் கணக்கில் என்றைக்காவது 1,000 இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீ அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருப்பது என்ன என்று குறித்து, முப்பது நாளையும் கூட்டி, முப்பதால் வகுக்கிறாய். ஒரு படகுக்காரர் நல்ல பாடு கிடைத்து 3,000 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து நாள் கிடக்கிறது. பிறகு எண்ணெய்க்கும் ஐஸுக்கும் அறுந்த வலைக்கும் எடுத்துவிடுகிறார். மீதி 25 நாள் 200 ரூபாய்தான் இருக்கிறது. ஐந்து நாளுக்கு 15,000, இருபத்தைந்து நாளுக்கு 5,000, மொத்தம் 20,000. முப்பதால் வகுத்தால் 667 ரூபாய் வருகிறது. 1,000க்குக் குறைவு, அபராதம். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு உறைக்காது. ஒன்றாம் தேதி ஏறிய பணம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். கடலில் போனவனுக்கு ஒருநாள் கிடைக்கும், நாலு நாள் கிடைக்காது. கிடைத்ததும் அடுத்த பாட்டுக்கே இறைத்தாக வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தையே தேடிப் பிடித்துக் காசாக்கும் சூத்திரம் உன்னிடம் இருக்கிறது. கடல்தொழிலின் நாடியை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் மீன்வளத் துறையில்கூடக் குறைவு.

இது சில்லறை விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசாங்கம் கொடுத்த கணக்கு இது: 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் இருப்புக் குறைவுக்கு வசூலித்த அபராதம் 21,000 கோடி ரூபாய்க்கு மேல். கூடுதல் முறை ஏ.டி.எம். பயன்படுத்தியதற்கு 8,000 கோடிக்கு மேல், குறுஞ்செய்திக்கு 6,000 கோடிக்கு மேல். எல்லாம் சேர்த்து 35,000 கோடியைத் தாண்டியது. அதற்கு முன்பே ஒரு சாதனை உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை இருப்புக் குறைவுக்கு வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. நாட்டிலேயே பெரிய வங்கி, தொழிலதிபர்களுக்குக் கடன் கொடுத்து ஒரு காலாண்டு முழுதும் பாடுபட்டுச் சேர்த்த லாபத்தைவிட, இல்லாதவர்கள் இல்லாமல் இருந்ததிலிருந்து எட்டு மாதத்தில் சேர்த்தது அதிகம். ஏழையிடம் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நீ ரூபாய்க் கணக்கோடு பதில் சொன்னாய்.

கண்டிப்பும் நினைவாற்றலும் மட்டும்தான் உன் குணம் என்றால் உன்னைப் பாதிதான் அறிந்ததாகும். உனக்குப் பெருந்தன்மையும் உண்டு, பொறுமையும் உண்டு. 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் வாராக்கடனில் 16.35 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கேட்டிலிருந்து நீக்கிவைத்தன என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அதில் 9 லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில்களும் பெரிய சேவை நிறுவனங்களும் வாங்கியவை. இது கடன் தள்ளுபடி ஆகாது, கடன்காரரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, வசூல் தொடர்கிறது என்று அரசாங்கம் சொல்கிறது. சரிதான், நானும் அதைத் தள்ளுபடி என்று சொல்லவில்லை. அந்த வசூல் எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்பதைத்தான் போற்றுகிறேன். வக்கீல் வருகிறார், தீர்ப்பாயம் வருகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டதையும் செய்தித்தாளில் பார்க்கிறோம். பெரிய மனிதர் என்றால் அவர் வசதிப்படும்வரை காத்திருக்கிறாய். எங்கள் ஊர் மகளிர் குழுவில் ஒரு தவணை ஒரு வாரம் தள்ளினால், குழுவில் உள்ள மற்றப் பெண்களையும் சேர்த்துக் கூப்பிட்டு உட்காரவைக்கிறாய். மரியாதை யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கத் தெரிந்திருக்கிறது உனக்கு.

எதையும் மறக்காத நீயே சிலதை மறந்துவிடுகிறாய்; அதுவும் ஒரு அழகு. 2025 ஜூன் முடிவில் பொதுத்துறை வங்கிகளிலும் தனியார் வங்கிகளிலும் உரியவர் கேட்டு வராமல் கிடந்த வைப்புத்தொகை 67,003 கோடி ரூபாய். பத்து ஆண்டு யாரும் தொடாத பணம், 2014இல் ரிசர்வ் வங்கி அமைத்த வைப்புதாரர் நிதிக்குப் போகிறது. அதன்பிறகும் உரியவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்த உரிமை அழிவதில்லை. தேடிப் பார்க்க 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளமும் வந்தது. ஆனால் கடலில் போய்த் திரும்பாத ஒருவருக்கு எந்தக் கிளையில் எவ்வளவு இருந்தது என்று அவர் மனைவிக்கு யார் சொல்வது? நியமனதாரர் பெயர் எழுதாத கணக்கு என்றால் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக நீ கேட்பாய். உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று வாங்குவதற்கே அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். 17 ரூபாய் 70 காசு எடுக்க வீடு தேடி வரவேண்டிய அவசியம் உனக்கு இருந்ததில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு மட்டும் அவள் உன் வீட்டைத் தேடி வர வேண்டும். துக்கத்தில் இருப்பவரை வீணாகத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நாகரிகம் உன்னிடம் நிறைந்திருக்கிறது.

உன் தொலைநோக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம். புதுவைத் துறைமுகத்துக்கு 1980களின் பின்பகுதியில் கடலுக்குள் கல்தடுப்பு நீட்டினார்கள். ஆண்டில் பெரும்பகுதி எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல் குறுக்கே நின்றதும் மணல் தென்புறம் தங்கிவிட்டது. வடபுறத்துக் கரைகள் மெலிந்தன. நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கல்லாயிற்று. கல் கொட்டிய இடம் தப்பிக்க, அரிப்பு அதற்கும் வடக்கே போயிற்று. பிள்ளைச்சாவடி அந்த வரிசையில்தான் இருக்கிறது. வலை உலர்த்திய இடமும் படகு ஏற்றிவைத்த இடமும் போய், அலை வீட்டுச் சுவரைத் தொட்டது. கல்லைக் கொட்டச் சொல்லிச் சனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

அந்தச் சனங்கள் உன்னிடம் கடன் கேட்டு வந்தால், "வீட்டுக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்கிறாய். இல்லை என்றால் ஈடு இல்லை. இருக்கிறது என்றாலும், கடலோரம் என்று தயங்குகிறாய். கடல் வாங்கப்போகும் வீட்டை நீ வாங்கிக்கொள்ளமாட்டாய். அரிப்பை அளக்க வந்த நிபுணர்கள் அறிக்கை எழுதுவதற்கு முன்பே, எங்கள் வீடுகளின் ஆயுளை நீ கணித்து முடித்திருந்தாய்.

ஈடு இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. உழவர் கடன் அட்டையை மீனவருக்கும் விரிப்பதாக 2018-19 நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி விதிமுறை கொடுத்தது. அதன்படி எண்ணெய், ஐஸ், கூலி போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காட்டில் கடன். ஒழுங்காகக் கட்டினால் இன்னும் 3 விழுக்காடு குறைந்து, 4 விழுக்காட்டில் வந்து நிற்கும். மகளிர் குழுக்களும் சுய உதவிக் குழுக்களும்கூட இதில் வரலாம். காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது.

கரையில் இருப்பது வேறு. விடியலில் ஏலம் எடுக்கக் கையில் காசு வேண்டும். காலையில் தொள்ளாயிரம் கொடுத்து மாலையில் ஆயிரமாக வாங்கிக்கொள்ளும் ஆள் அங்கேயே நிற்கிறார். படகுக்கு எஞ்சின் வேண்டுமென்றால் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். பிறகு அந்தப் படகின் மீன் முழுதும் அவர் கைவழிதான் போக வேண்டும், அவர் சொன்னதுதான் விலை, அதில் அவருக்குக் கழிவு. கடனை அடைத்தாலொழிய வேறு ஆளிடம் மீனைப் போட முடியாது. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் அவர் கொடுப்பார். படிவம் இல்லை, புகைப்படம் இல்லை, "அடுத்த வாரம் மேனேஜர் வந்ததும் வாங்க" என்பதும் இல்லை. 4 விழுக்காட்டுக் கடனை உன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டே, இத்தனை பேர் பிழைப்புக்கும் இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறாய். ஊரில் உள்ள கந்துவட்டிக்காரர் யாரும் உன்னைத் தூற்றிக் கேட்டதில்லை. போட்டியாளரின் நல்லெண்ணத்தை இவ்வளவு சம்பாதித்தவர் வேறு யார்?

உன் தன்னடக்கத்துக்கு வருகிறேன். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வகுத்தது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். பணம் போட எண்ணிக்கை வரம்பு இல்லை. மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். ஏ.டி.எம். அட்டைக்கும் ஆண்டுக் கட்டணம் கிடையாது. யார் கேட்டாலும் நீ திறந்து கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்தால் அதையே மாற்றித் தர வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற கணக்கு இது. உன் சுவரில் காப்பீட்டு விளம்பரம் இருக்கிறது, பரஸ்பர நிதி விளம்பரம் இருக்கிறது, கார் கடனுக்குச் சிரித்த குடும்பத்தின் படம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ செய்யக்கூடிய ஆகப்பெரிய நன்மையை நீயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். வாங்க வேண்டியவருக்கே தெரியாமல் வைத்திருப்பது உன்னால்தான் முடிந்தது.

கட்டணத்தை விட்டுக்கொடுத்த பெருமையையும் குறிக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இருப்புக் குறைவு அபராதத்தைக் கைவிட்டது. 2025 ஜூனில் கனரா வங்கி, ஜூலையில் பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை கைவிட்டன. செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்தது, அதைத் திறந்து சொல்கிறேன். கைவிட்ட பிறகு அந்த வங்கிகள் எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. ஆக, இத்தனை ஆண்டும் வாங்கியது வாழ்வா சாவா என்ற நெருக்கடியில் வாங்கியது அல்ல. வாங்கியதில் ஒரு ரூபாயும் பெரியம்மா போன்றவர்களுக்குத் திரும்பி வரவில்லை. தனியார் குலத்தில் நெஞ்சுரம் இன்னும் மிச்சம் இருக்கிறது: 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, நகரங்களில் புதிதாகத் தொடங்கும் சேமிப்புக் கணக்குக்கு மாதச் சராசரி இருப்பு 50,000 ரூபாய் வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் 15,000க்கு இறங்கிவந்தது. யார் உள்ளே வரக்கூடாது என்பதை அந்தத் தொகையைவிடத் தெளிவாக எந்தக் காவலாளியாலும் சொல்லியிருக்க முடியாது.

கடல் கடந்த உன் புகழுக்கும் குறைவில்லை. புதுவைக்கு வங்கி நேற்று வந்ததல்ல. 1875இல் பாரீஸில் அமைந்த இந்தோசீன வங்கி இங்கே கிளை திறந்து, பிரெஞ்சிந்தியாவுக்கு ரூபாய் நோட்டே வெளியிட்டது. வணிகக் கப்பல் இருக்கும் இடத்துக்குக் கடல் தாண்டி வர உனக்குத் தெரியும். நம் நாட்டு வங்கிகளும் சளைத்தவை அல்ல: 1953 டிசம்பரில் பரோடா வங்கி கென்யாவின் மொம்பாசாவிலும் உகாண்டாவின் கம்பாலாவிலும் கிளை திறந்தது, அங்கே கடை வைத்திருந்த இந்திய வணிகர்களைத் தேடிப்போய். ஆயிரம் காதம் கடந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கால்களுக்குப் பிள்ளைச்சாவடியின் ஏலக் கொட்டகை மட்டும் தூரமாகிவிட்டது.

அந்தக் கென்யாவில் நடந்த ஒரு கதையை உன் காதில் போட வேண்டும். அங்கேயும் பெரிய வங்கிகள் குறைந்தபட்ச இருப்பை உயர்த்தின. நாட்டுப்புறக் கிளைகளை மூடின. ஏழைக்குக் கணக்கு வைப்பதில் வரவு இல்லை என்பது அவர்கள் முடிவு. 1984இல் வீட்டுக்கடன் சங்கமாகத் தொடங்கிய ஈக்விட்டி என்ற சிறு நிறுவனத்தை, 1993இல் கடன் தீர்க்க வக்கற்றது என்று அந்நாட்டு மத்திய வங்கி குறித்துவைத்தது. அது பிழைத்து எழுந்த வழி, மற்ற வங்கிகள் யாருக்குக் கதவை மூடினவோ அவர்களுக்குத் திறந்துவிட்டதுதான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்றது. கணக்கு வைத்திருப்பதற்கு மாதக் கட்டணம் இல்லை என்றது. கிளை இல்லாத ஊருக்கு வண்டியில் போய்க் கணக்கு திறந்தது. 2004 முடிவில் வணிக வங்கி ஆயிற்று. சில ஆண்டுகளில் கென்யாவின் வங்கிக் கணக்குகளில் பாதிக்கு மேல் அதனிடம் இருந்தன. பிறகு உகாண்டா, தான்சானியா, ருவாண்டா என்று அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் போயிற்று. 2007இல் அதே நாட்டில் செல்பேசிவழிப் பணம் அனுப்பும் எம்-பெசா வந்தது. வங்கிக் கிளையைப் பார்த்திராதவரும் பெட்டிக்கடையில் பணம் போட்டு எடுத்தார். ஏழையை உள்ளே விட்டால் வங்கி நொடித்துப்போகும் என்று உன் குலத்தில் சொல்லிவந்த சாத்திரத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வங்கி பொய்யாக்கிவிட்டது. அது நொடித்தது ஏழையை உள்ளே விட்டபோது அல்ல, எழுந்ததுதான் ஏழையை உள்ளே விட்டபோது.

கென்யாவரை போவானேன்? உன் ஆகப்பெரிய புகழ் புதுவையிலேயே கிடக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் மங்கலம் என்று ஒரு கிராமம். 2005 நவம்பரில் எளிய கணக்குத் திட்டத்தை ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதே ஆண்டு கடைசியில், அன்று கே. சி. சக்ரவர்த்தி தலைவராக இருந்த இந்தியன் வங்கி மங்கலத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கு திறந்தது. எல்லா வீட்டுக்கும் வங்கி வசதி கிடைத்த இந்தியாவின் முதல் கிராமம் என்ற பெயர் மங்கலத்துக்கு வந்தது. படிவத்தைச் சுருக்கினார்கள். இருப்பு வேண்டாம் என்றார்கள். சனங்கள் கிளைக்கு வரட்டும் என்று காத்திராமல் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தியா முழுதும் கோடிக்கணக்கில் கணக்கு திறந்த ஜன் தன் திட்டம் வருவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தூரத்தில், நீ இதைச் செய்து காட்டினாய்.

தெரியாதவர் செய்யாமல் விட்டால் குற்றமில்லை. முடியாதவரைக் கேட்கவும் கூடாது. உனக்குத் தெரியும், உன்னால் முடியும் என்று மங்கலத்தில் உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். அறியாமையையோ ஏலாமையையோ சொல்லி நீ தப்பிக்க வழியே இல்லை. இதைவிடப் பெரிய புகழ் உனக்கு என்னால் சொல்ல முடியாது, தாயே. இதைவிடக் கனமான வழக்கும் உன்மேல் எங்களுக்கு இல்லை.

ஆகவே அந்தப் புகழுக்கு ஏற்றதைக் கேட்கிறேன். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இன்னது என்று தமிழில், பெரிய எழுத்தில், உன் வாசல் சுவரில் எழுது. கேட்பவருக்கு அன்றைக்கே மாற்றிக் கொடு. அரசாங்கம் வயிற்றுக்குப் போடும் நிவாரணத்தில் எந்தப் பழைய நிலுவைக்காகவும் கை வைக்காதே. கடலில் காணாமல் போனவரின் வீட்டுக்கு, அவர் கணக்கு விவரத்தோடு நீயாக ஓர் ஆளை அனுப்பு. மீனவர் கடன் அட்டைக்கான படிவங்களை எடுத்துக்கொண்டு ஏலக் கொட்டகைக்கு வா. பெரியம்மா போன்ற பெண்கள் கூடையை இறக்கிவைத்துக் கைநாட்டு வைக்கும் நேரத்துக்கு, விடியலிலேயே வா. வழி கேட்கத் தேவையில்லை, எங்கள் ஊர் ஆட்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அபராதம் எடுத்த கணக்கேட்டிலேயே இருக்கிறது. அடுத்த ஏப்ரல் 15 வருவதற்குள் வந்துவிடு.